அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பிளஸ் ஒன் மாணவிக்கு நேரம் எங்கிருந்து வரும்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் உங்கள் அக்கா குடும்பம். மச்சானுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புரியும். பிடித்து உட்கார வைத்தால் உட்காருவார். சர்க்கரையும் உண்டு. அக்கா விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போகிறார், பகலில் கிடைத்த வேலைக்குப் போகிறார். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் மகள்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். கபடியில் மாவட்டப் போட்டி வரை ஆடியவள், கால்நடை மருத்துவம் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது கேட்டால் "எனக்கு அதெல்லாம் பிடிக்கல மாமா" என்கிறாள். அவளை எப்படி ஊக்கப்படுத்துவது, என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது: "தம்பி எட்டாவது படிக்கிறான், அவன் சின்னப் பையன்." அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊக்கம் குறைந்துவிட்டது என்பது உங்கள் கணிப்பு. நீங்களே கொடுத்திருக்கும் விவரம் வேறு சொல்கிறது. காலை நாலரைக்கு எழுகிறாள். அப்பாவுக்குச் சுத்தம், ஊசி, இட்லி, தம்பிக்குச் சாப்பாடு, எட்டரை பஸ். மாலை ஐந்துக்கு வீடு. தண்ணீர், துணி, சமையல், அப்பாவுக்குக் கை கால் பயிற்சி. பதினொரு மணிக்குப் படுத்தால் இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டும். இதில் கபடிக்கு எந்த மணி மிச்சம்? "பிடிக்கல" என்பது பல பிள்ளைகள் வீட்டைக் காப்பாற்றச் சொல்லும் பதில். ஆசை இருக்கிறது என்று சொன்னால் அம்மா அழுவார், அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் உங்கள் கேள்வியை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: வாரத்தில் எத்தனை மணி நேரத்தை, எந்தெந்த வேலைகளை, அவளிடமிருந்து யாரிடம் மாற்றலாம்? வீட்டில் படுத்திருப்பவர்களைப் பராமரிக்கக் குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்த அளவில் நின்று பதில் சொல்கிறேன்.

சில விஷயங்கள் நேரில் பார்க்காமலே உறுதியாகச் சொல்லக்கூடியவை. பதினாறு வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அவளுக்கு ஆறு கூடக் கிடைக்கவில்லை, அதுவும் நடுவில் முறிகிறது. வளர்ந்த ஆணைத் தனியாளாகத் தூக்கினால் அவள் முதுகு கெடும், அவரும் விழுவார். வயது வந்த மகள் அப்பாவைக் கழுவித் துடைப்பது இருவருக்குமே கூச்சம். இருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சந்தேகத்துக்குரியது எது என்றால், அவள் மறுபடி கபடிக்குத்தான் திரும்புவாளா என்பது. இந்த வயதில் ஆசைகள் தாமாகவும் மாறும். நேரத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் அது தெரியும், அதற்கு முன் யார் சொன்னாலும் ஊகம்தான்.

முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு வாரத்துக்கு, காலை நான்கிலிருந்து இரவு பதினொன்று வரை, யார் எந்த வேலையை எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதுவது அவள் வேலையாக இருக்கக் கூடாது. தம்பி எழுதட்டும்; அவன் பொறுப்பேற்கத் தொடங்க அதுவே நல்ல வழி. பிரிட்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று 2014இல் சட்டமே வந்தது. வீட்டில் பராமரிப்பு வேலை செய்யும் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பு மதிப்பிட வேண்டும். அங்கே பயன்படும் 18 கேள்விப் பட்டியல் ஒன்று வேலைகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது: வீட்டு வேலை, வீட்டு நிர்வாகம், உடம்பைத் தொட்டுச் செய்யும் பராமரிப்பு, மனசுக்குத் துணை, தம்பி தங்கையைப் பார்ப்பது, பணம் சம்பந்தப்பட்டது. அந்த ஊருக்காகச் செய்த மதிப்பெண்ணை நம் வீட்டுக்கு அப்படியே போட வேண்டாம், வகைப்பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் நோட்டில் ஏறாமலே போவது நான்காவது வகை. அப்பா அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடக்கும் பணச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பது, வகுப்பில் இருக்கும்போதும் "இந்நேரம் அப்பா என்ன செய்வாரோ" என்று நினைப்பது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

நோட்டு நிறைந்ததும் அவளையே உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எதை நீயே செய்யணும்னு நினைக்கிற?" இதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டால், தான் சரியாகச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வாள். பெரும்பாலும் பிள்ளைகள் ஒன்றிரண்டை விட்டுத்தர மாட்டார்கள். அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது, ராத்திரிச் சாப்பாடு ஊட்டுவது மாதிரி. அது அவளிடமே இருக்கட்டும். மீதியில் முதலில் கைமாற வேண்டியது மலம், சிறுநீர், குளியல். பக்கத்துத் தெருவில் சித்தப்பா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை, தினமும், அந்த முக்கால் மணி நேரம் அவருடையது. "முடிஞ்சா வர்றேன்" என்ற பேச்சு இங்கே உதவாது. கிழமை, மணி, வராவிட்டால் மாற்று ஆள், மூன்றும் பேசி முடிக்க வேண்டும். சித்தப்பாவிடம் இதை உங்கள் அக்கா கேட்டால் கெஞ்சுவது போல ஆகும். தாய்மாமன் நீங்கள் நேரில் வந்து கேட்டால் அதற்கு எடை வேறு. வாங்கிக் கொடுக்கும் பொருள் எதையும்விட இந்தப் பேச்சுக்கு உங்களால் பயன் அதிகம்.

தம்பி விஷயம். பதின்மூன்று வயது சின்ன வயதுதான், அவன் தலையில் முழுப் பாரத்தையும் வைத்தால் நாளைக்கு அவனுக்காக இன்னொருவர் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் அவன் அக்கா இந்த வேலைகளைத் தொடங்கியபோது அவள் வயது பதினான்கு என்பதைக் கணக்கில் வையுங்கள். குடத்தில் தண்ணீர், அப்பாவின் யூரின் கேனைக் காலி செய்து கழுவி வைப்பது, மாலை கொஞ்ச நேரம் அப்பாவோடு உட்கார்ந்திருப்பது, தன் தட்டையும் உடுப்பையும் தானே கழுவுவது, இவை அவனால் ஆகும். நாளொன்றுக்கு முக்கால் மணிக்கு மேல் போக வேண்டாம். ஆம்பளைப் பையன் என்ற சலுகை அவன் அக்காவுக்கு வாரம் ஐந்து மணி நேரத்தைத் தின்கிறது. வேறு எந்தத் திட்டமும் அவ்வளவு எளிதாக ஐந்து மணி நேரத்தைத் திருப்பித் தராது.

அடுத்து, ஆள் மாற்றாமலே குறைக்கக்கூடிய வேலைகள். இங்கேதான் உங்கள் பணம் வேலை செய்யும். முதலில் கட்டில். கயிற்றுக் கட்டிலிலோ தரைப் பாயிலோ படுக்க வைத்திருந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். மரக்கட்டிலாக இருந்து, கால்களுக்கடியில் ஆடாத கட்டைகளை வைத்து, அவர் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரத்துக்குக் கொண்டுவந்தால், பல பேருக்கு ஒரே ஆள் போதும். நாற்காலியை அவருடைய நல்ல பக்கமான இடது பக்கம், கட்டிலை ஒட்டிப் போட வேண்டும். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டிருக்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட்டையோ மடித்த துண்டையோ இறுக்கிக் கட்டி அதைப் பிடிக்க வேண்டும். அவர் முன்னால் நன்றாகக் குனிந்து, இடது காலில் ஊன்றி எழும்போது, எதிரே நிற்பவர் தன் முழங்காலால் அவருடைய வலது முழங்காலுக்கு அண்டை கொடுக்க வேண்டும். வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு இறங்கிவிட்டால் அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். வலி இருந்தால் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டார், பயிற்சி நின்றால் உடம்பு இன்னும் இறுகும், பாரம் திரும்ப அவள் மேல்தான் வரும். இதைப் படித்துக் கற்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் நேரில் செய்துகாட்ட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) வீட்டுக்கே வரும் பிசியோவும் நோய்த்தணிப்புச் செவிலியரும் உண்டு, சர்க்கரை ரத்த அழுத்த மாத்திரையும் வீடு தேடி வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் மாத்திரைக்கு மட்டும் பதிந்திருப்பார்கள், பிசியோவைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இரவு எழுந்திருப்பதைக் குறைக்க யூரின் கேனைக் கட்டிலின் இடது பக்கம், நல்ல கைக்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். வலது பக்கம் வைத்துவிட்டு "அவரால எடுக்க முடியல" என்று சொல்லும் வீடுகள் நிறைய. தண்ணீரையும் காபியையும் மாலை ஆறரைக்கு முன்னால் கூடுதலாகக் கொடுத்து, பிறகு குறைத்துக்கொள்ளலாம்; நாள் முழுக்கச் சேர்த்த அளவு குறையக் கூடாது. அதற்கும் சரிவரவில்லை என்றால் இரவுக்கு மட்டும் காண்டம் கதீட்டரும் (ஆணுறுப்பின் மேல் உறை போல மாட்டும் குழாய்) யூரோ பையும் (சிறுநீர் சேரும் பை) போடலாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் காலையில் கழற்றித் தோலைப் பார்த்தே ஆக வேண்டும், அளவு தவறினால் புண் வரும்; செவிலியரிடம் கற்றுக்கொண்டு சித்தப்பாவோ அக்காவோ போட வேண்டும், மகள் இல்லை. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும் என்பது பொது விதி. காற்று மெத்தை போட்டாலும் திருப்புவது நிற்காது, ஆனால் தோலின் நிலையைப் பார்த்து இரவில் இடைவெளியை நீட்டச் செவிலியர் சொல்லக்கூடும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றில் எதிலாவது அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் அந்த இடைவெளி அதிகம் என்று அர்த்தம். சாப்பாடு எப்போதும் நிமிர்ந்து உட்கார வைத்து, முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே. தண்ணீர் குடித்ததும் இருமினாலோ குரல் ஈரமாகக் கேட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு இந்தப் பதில் போதாது. இன்சுலின் ஊசி நேரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள். ஆனால் "காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை போடுகிறது, வேறு நேரமோ வேறு முறையோ உண்டா" என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால்தான் அவருக்குத் தெரியும்.

பூ விஷயத்தை வெளியூர்க்காரர்கள் கவனிக்க மாட்டார்கள், நீங்கள் கவனிக்க முடியும். மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் அக்காவின் வேலை நேரமும் மகளின் பாரமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. பங்குனி, சித்திரையில் பூ கொட்டும்போது அக்கா இருட்டோடு போய் வெயில் ஏறித்தான் வருவார். மார்கழி, தையில் பூ குறைவு, அக்கா சீக்கிரம் வீடு திரும்புவார். பிளஸ் டூ பொதுத்தேர்வு நடப்பது மார்ச்சில், பூ ஏறத் தொடங்கும் நேரத்தில். அதாவது அவளுக்கு அடுத்த வருடம் மிகக் கனமான மாதமும் மிக முக்கியமான மாதமும் ஒன்றாக வரும். அந்த ஐந்து வாரத்துக்கு அக்கா பூவுக்குப் போகாமல் இருந்தால் எவ்வளவு வருமானம் குறையும் என்று இப்போதே கணக்குப் போட்டு, நீங்கள் கொடுக்க நினைக்கும் பணத்தை அதற்கு ஒதுக்கி வையுங்கள். செல்போன் வாங்கிக் கொடுப்பதைவிட அது நல்ல சீர்.

இப்போது அவளுடைய நேரம். தினமும் என்று தொடங்காதீர்கள், மூன்றாம் நாள் உடைந்துவிடும். செவ்வாய், வியாழன் மாலை நாலரை முதல் ஆறரை வரை, ஞாயிறு காலை மூன்று மணி நேரம். பள்ளி மைதானத்திலிருந்து நேராக வீட்டுக்கு வர எந்தப் பஸ் என்பதையும் பார்த்து, உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் என்பதைக் காலண்டரில் பெயர் போட்டு எழுத வேண்டும். எதற்கெல்லாம் அவளைக் கூப்பிடலாம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்: அப்பா விழுந்துவிட்டால், மூச்சுத் திணறினால், வலிப்பு வந்தால், திடீரென்று பேச்சோ நினைவோ தப்பினால், அதுவும் முதலில் 108, பிறகுதான் அவள். அப்பாவுக்குக் காபி போட, மாத்திரை எங்கே என்று கேட்க, விருந்தாளி வந்ததைச் சொல்ல, இதற்கெல்லாம் கூப்பிடக் கூடாது. மாத்திரையைக் காலை, மதியம், இரவு என்று பிரித்த வாரப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை போட்டு வைத்தால் அந்தக் கேள்வியே வராது.

கிடைத்த நேரத்தில் முதல் இரண்டு வாரம் அவள் தூங்குவாள். மைதானத்துக்குப் போக மாட்டாள், புத்தகம் எடுக்க மாட்டாள். "நேரம் குடுத்தா தூங்குது பாரு" என்று யாராவது சொல்வார்கள், நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான வீடுகளில் முயற்சி முறிவது இந்த இடத்தில்தான். ஒரு மாதம் வரை "என்ன பண்ணின" என்று யாரும் கேட்காமல் இருங்கள். அதற்குப் பிறகும் எதிலும் மனம் ஒட்டாமல், தோழிகளைத் தவிர்த்து, சாப்பாடு குறைந்து, சின்ன விஷயத்துக்கும் தம்பி மேல் எரிந்து விழுந்தால் அது சோர்வைத் தாண்டியதாக இருக்கலாம். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. சாவைப் பற்றிப் பேசினாலோ, செத்துப்போகலாம் என்று சொன்னாலோ ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே கூப்பிடுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள்.

பாராட்டைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். வருகிறவர் எல்லாரும் "தங்கமான புள்ள, இவ இல்லைன்னா இந்த வீடு என்னாகும்" என்று சொல்லிச் சொல்லியே அவள் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறார்கள். அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். அவர் வெறும் நோயாளி இல்லை, இந்த ஏற்பாட்டில் அவருக்கும் வேலை உண்டு. இடது கையால் காலிங் பெல்லை அழுத்த முடியும், யார் எப்போது வந்தார்கள் என்று பார்க்க முடியும், பாடம் ஒப்பிக்கக் கேட்க முடியும். எல்லாவற்றையும்விட, செவ்வாய்க்கிழமை மாலை அவர் குழறிய வாயால் "போயிட்டு வாம்மா" என்று சொன்னால் அதற்கு நிகராக நீங்களோ நானோ ஒன்றும் சொல்ல முடியாது. அவரைத் தனியே எவ்வளவு நேரம் விடலாம் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. ஆள் வாசலில் இருக்க, பதினைந்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று ஏற்றிப் பார்த்து, பிசியோவிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊர்ப்பேச்சும் வரும். "அப்பன் கெடையில கெடக்கான், பொட்டப்புள்ள கபடிக்குப் போகுது" என்பார்கள். அதே வாய், அப்பன் கண் திறந்திருக்கும்போதே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றும் சொல்லும். பதினெட்டுக்குள் கல்யாணம் சட்டப்படி குற்றம், பேச்சு மும்முரமானால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் சித்தப்பாவும். பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள்.

பள்ளியில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியட்டும், ஆனால் யாரிடம் எவ்வளவு என்பதை அவள் முடிவு செய்யட்டும். வகுப்பு ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் அக்கா போய்க் குறிப்பாகக் கேட்க வேண்டியவை: காலை பஸ் தவறி வரும் நாளில் வெளியே நிறுத்த வேண்டாம், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாட்களில் நடந்த தேர்வை மறுநாள் எழுத விடுங்கள், வீட்டிலிருந்து அவசரம் என்றால் எந்த எண்ணுக்குப் பேசுவது. "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. குழந்தைகள் நலனுக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில், பெற்றோர் உடல்நலம் குன்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனுவை மதுரை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். ஒரு குழு பார்த்துத்தான் ஒப்புதல் தரும், கிடைத்தே தீரும் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். மச்சானுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்திருக்கிறீர்களா? பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்று தந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு மனு செய்யலாம். மனு எங்காவது நின்றுவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். இந்த அலைச்சலையும் அவள் தலையில் கட்டாதீர்கள். வருமானச் சான்று, ஆதார் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நீங்கள் லீவுக்கு வரும்போது முடியுங்கள். இந்தத் தொகை வந்தால் வீட்டுச் செலவில் கரைய விடாமல், காலையில் இரண்டு மணி நேரம் வந்து உதவும் ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலியாகக் கொடுப்பதுதான் என் பரிந்துரை.

கால்நடை மருத்துவம் எட்டாத கனவு இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அவள் உயிரியல் பிரிவில் இருக்கிறாளா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கால்நடை, வேளாண் படிப்புகளுக்கும் உண்டு, அதில் வருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உசிலம்பட்டி வழியாக ரயிலும் ஓடுகிறது. ஆனாலும் இது ஐந்தரை வருடம், விடுதியில் தங்கிப் படிப்பது. மதிப்பெண் வந்த பிறகு ஜூனில் "அவ போயிட்டா அப்பாவ யாரு பாக்குறது" என்று பேச ஆரம்பித்தால் பதில் கிடைக்காது, பக்கத்துக் கல்லூரியில் ஏதோ ஒரு படிப்பில் சேர்த்து முடிப்பார்கள். அவளே வீட்டிலிருந்து போய்வரும் படிப்புதான் வேண்டும் என்றால் சரி. அதற்கு முன் போவதற்கும் வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் வருகிற அரையாண்டு விடுமுறையில் ஒரு ஒத்திகை பாருங்கள். டிசம்பர் கடைசி வாரம், பூ குறைவாக இருக்கும், அக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு. மகளை ஐந்து நாள் திருப்பூருக்கு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். தம்பியையும் சேர்த்து அழைத்துப் போகாதீர்கள், அவன் அங்கே வேண்டும். முந்தைய வாரமே சித்தப்பாவும் அக்காவும் அவள் இருக்கும்போதே எல்லா வேலையையும் தாங்களாகச் செய்து பார்க்கட்டும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும், கை வைக்க வேண்டாம். அந்த ஐந்து நாளில் எது நின்றது, எது தாமதமானது, எதற்கு அவளுக்குப் போன் வந்தது என்பதைத் தம்பி அதே நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு போன், இரவு எட்டு மணிக்கு, அப்பாவோடு பேச. பொங்கலுக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று அதில் தெரிகிறதோ, அந்த வேலைக்கு ஆள் தேட உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.